இரண்டு வரியில் ஒரு விலாசம்

இன்டர்நெட்டில் எதைத் தேடினாலும் தலைப்புக்குக் கீழே ஒரு குட்டிக் குறிப்பு வருகிறது. வாசகர் உள்ளே வருவாரா, வாசலோடு திரும்பிவிடுவாரா என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது அதுதான். ஆனால் அதை எழுதுவது கடைசி நேர வேலையாகவே இருந்து வருகிறது. இந்தக் கலைக்கு பெங்களூரில் ஒரு பழைய பாடசாலை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை இரவு. பெங்களூர் அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா செல்போனை எடுத்து, 'குழந்தை டாக்டர் ஞாயிறு அல்சூர்' என்று தட்டுகிறார். நொடியில் வரிசையாக முடிவுகள். முதலாவதின் கீழே, "எங்கள் மருத்துவமனை உங்களை அன்புடன் வரவேற்கிறது. தரமான சேவையே எங்கள் தாரக மந்திரம்." இரண்டாவதின் கீழே டாக்டர், குழந்தை, காய்ச்சல், சிறந்த, மலிவான, பெங்களூர் என்று வார்த்தைகள் கமா போட்டு வரிசையாக நிற்கின்றன. மூன்றாவதின் கீழே, "குழந்தைகள் நலப் பிரிவு, ஞாயிறு உட்பட தினமும் இரவு 11 மணி வரை. முன்பதிவு தேவையில்லை. அல்சூர் ஏரிக்கு எதிரே."

அவருடைய விரல் எதன் மேல் விழும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

முதல் இரண்டு மருத்துவமனைகளிலும் மூன்றாவதைவிடக் கெட்டிக்கார டாக்டர்கள் இருக்கலாம். அவையும் ஞாயிறு இரவு திறந்தே இருக்கலாம். ஆனால் அந்தச் சேதி சொல்லப்படவில்லை. வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் சொல்லப்படாத சேதி, இல்லாத சேதிதான்.

அந்த இரண்டு வரிக்கு கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மெட்டா டிஸ்க்ரிப்ஷன். ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு தலைப் பகுதி உண்டு. பக்கத்தின் பெயர், மொழி, தேடுபொறிகளுக்கான கட்டளைகள் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றோடு, 'இந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான்' என்று சொல்லும் ஒரு சிறு குறிப்பையும் அங்கே எழுதி வைக்கலாம். பக்கத்தைத் திறந்து படிப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்தான் பார்க்கிறார். வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாமல், தெருவில் போகிறவருக்கு மட்டும் தெரியும் பெயர்ப்பலகை மாதிரி.

சாஃப்ட்வேர் தலைநகரான பெங்களூரில் இதை ஒரு புதிய தொழில்நுட்ப விஷயமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அதே நகரத்தின் மைசூர் சாலையில், எட்டாவது மைலில், இந்தியப் புள்ளியியல் கழக வளாகத்துக்குள் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இது பழைய கதை. ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்பது அதன் பெயர். 1962ல் அதை உருவாக்கியவர் சீர்காழிக்காரர். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன்.

1892ல் பிறந்த ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே, பழைய கல்லூரி வேலையைத் திருப்பித் தரும்படி கேட்டுப் போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வந்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். லண்டனில் அவர் மனம் மாறியது. அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் பார்த்த மெக்கானோ பொம்மைதான் அவருடைய புகழ்பெற்ற கோலன் வகைப்பாட்டுக்கு வித்து என்பது நூலகத் துறையில் எல்லோரும் அறிந்த கதை. சில உலோகத் துண்டுகளை வெவ்வேறு விதமாக இணைத்து எத்தனையோ பொம்மைகள் செய்ய முடிகிறதென்றால், சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எந்தப் புத்தகத்தின் பொருளையும் குறித்துவிட முடியாதா? 1933ல் அந்த வகைப்பாடு நூலாக வந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1931ல், நூலகத்தின் ஐந்து விதிகளை வெளியிட்டுவிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் இரண்டாவது விதியின் சாரம். நூல் ஒவ்வொன்றும் தனக்கான வாசகரைப் போய்ச் சேர வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. இன்றைக்குத் தேடுபொறி நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும் வழிகாட்டிக் குறிப்புகளை இந்த மூன்று விதிகளுக்குள் அடக்கிவிடலாம்.

நூலகக் கார்டு நினைவிருப்பவர்களுக்கு இந்த உறவு சட்டென்று புரியும். ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். அதற்குள் ஆசிரியர், தலைப்பு, பொருள் எல்லாம் அடங்கியாக வேண்டும். புத்தகம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். வாசகர் கார்டைப் பார்த்துத்தான் எழுந்து போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கார்டு தவறாக இருந்தால் புத்தகம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

1957ல் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ரங்கநாதன் பெங்களூரில் தங்கிவிட்டார். 1972ல் மறையும்வரை அவருடைய ஊர் அதுதான். அப்போது புத்தகங்களைவிட விஞ்ஞானக் கட்டுரைகள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. ஆராய்ச்சியாளர் அத்தனையையும் படிப்பது நடக்காத காரியம். எதைப் படிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தயாரிப்பதுதான் பயிற்சி மையத்தின் வேலை. கட்டுரையின் பொருளைச் சரியாகக் கண்டுபிடிப்பது, அதைச் சில சொற்களில் குறிப்பது, வாசகர் எந்தச் சொல்லோடு தேடி வருவார் என்று முன்கூட்டி யோசிப்பது. இன்று பெங்களூரில் இணையப் பக்கங்களுக்குக் குறிப்பு எழுதும் இளைஞர்கள் செய்வதும் இதே மூன்றைத்தான்.

சுருக்கம் எழுதுவதில் இரண்டு வகை உண்டு என்பது ஆவணத் துறையின் பாலபாடம். ஒன்று சுட்டும் சுருக்கம். 'இந்தக் கட்டுரை மழைநீர் சேமிப்பைப் பற்றி ஆராய்கிறது' என்பது போல. மற்றது சொல்லும் சுருக்கம். என்ன ஆராய்ந்தார்கள், என்ன கண்டார்கள் என்று சேதியையே தந்துவிடுவது. 'எங்களைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள்' என்று எழுதும் நிறுவனங்கள் முதல் வகையின் படியைக்கூட எட்டுவதில்லை. அல்சூர் ஏரிக்கு எதிரே இருந்த மூன்றாவது குறிப்பு இரண்டாவது வகை.

நூலகர்களின் இந்த ஞானம் இணையத்துக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் நூலகர்களும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் கூடி, மின் ஆவணங்களுக்கு என்னென்ன விவரங்கள் குறிக்கப்பட வேண்டும் என்று விவாதித்தார்கள். அதிலிருந்து பிறந்த பட்டியலுக்கு டப்ளின் கோர் என்று பெயர். தலைப்பு, படைத்தவர், பொருள், தேதி என்று போகும் அதன் 15 அம்சங்களில் விவரக்குறிப்பும் ஒன்று. அதே 1995ன் இறுதியில் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறி வந்தது. பக்கத்தின் தலைப் பகுதியில் எழுதி வைத்த குறிப்பை அது எடுத்துக் காட்டியது.

பிறகு நடந்தது மனித சுபாவம். அந்தத் தலைப் பகுதியில் எழுதினால் முன்னணிக்கு வரலாம் என்று தெரிந்ததும், சம்பந்தமே இல்லாத பிரபலமான சொற்களை நூற்றுக்கணக்கில் அங்கே கொட்ட ஆரம்பித்தார்கள். தேடுபொறிகளுக்கு நம்பிக்கை போய்விட்டது. தலைப் பகுதியில் எழுதும் 'முக்கியச் சொற்கள்' பட்டியலைத் தர வரிசைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் பகிரங்கமாக அறிவித்தது. குறிப்பையும் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை, சில சமயம் வாசகருக்குக் காட்ட மட்டும் பயன்படுத்துகிறோம் என்றும் சொன்னது.

பலர் அத்தோடு குறிப்பைக் கைவிட்டார்கள். வரிசையில் மேலே ஏற்றாத ஒன்றுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்? அவர்கள் கவனிக்கத் தவறியது, அந்த அறிவிப்புக்குப் பிறகு குறிப்பு முழுக்க முழுக்க மனிதருக்காகவே எழுதப்படும் விஷயமாகிவிட்டது என்பதைத்தான். யந்திரத்தை ஏமாற்ற வழியில்லை. எதிரே இருக்கும் ஆளிடம் நேராகப் பேச வேண்டியதுதான்.

அப்படிப் பேசினாலும் அது காட்டப்படும் என்று உத்தரவாதம் இல்லை. பெரும்பாலும் பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தே வாசகங்களை எடுப்பதாகவும், எழுதப்பட்ட குறிப்பு பக்கத்தை இன்னும் நன்றாக விளக்கினால் அதைக் காட்டுவதாகவும் கூகுள் சொல்கிறது. தேடியவர் தட்டிய சொற்களைப் பொறுத்து ஒரே பக்கத்துக்கு வேறு வேறு குறிப்பு வரலாம். ஆக இது உத்தரவு அல்ல, விண்ணப்பம். விண்ணப்பத்தைச் சரியாக எழுதினால் ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம், அவ்வளவே.

நீளமும் நிலையானது அல்ல. 2017 டிசம்பரில் குறிப்புகளுக்கு கூகுள் திடீரென்று கூடுதல் இடம் கொடுத்தது. ஊரெல்லாம் உட்கார்ந்து நீட்டி எழுதினார்கள். 2018 மே மாதம் பழையபடி சுருக்கிவிட்டது. ஆங்கிலத்தில் சுமார் 155 எழுத்து என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. உண்மையில் எழுத்துக் கணக்கு எதுவும் கிடையாது. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டப்படுகிறது.

தமிழுக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. பெங்களூரிலிருந்து நாடு முழுவதும் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் இப்போது தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மொழிக்கொரு முகம் காட்டுகின்றன. 2007ல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2020 ஜூனில் இந்த மூன்று மொழிகளிலும் தன் சேவையைத் தந்தது. இப்படிப்பட்ட வேலைகளில் மொழிபெயர்ப்பாளரின் கைக்கு வருவது பெரும்பாலும் ஓர் அட்டவணை. இடது பக்கம் ஆங்கிலம். வலது பக்கம் காலிக் கட்டம். மேலே ஒரு கட்டளை: இத்தனை எழுத்தைத் தாண்டக் கூடாது.

எந்த எழுத்து என்பதுதான் கேள்வி. 'வாடகைக்கு' என்ற சொல்லில் தமிழாசிரியர் கணக்குப்படி ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் கணக்குப்படி ஒன்பது. துணைக்கால், புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் யூனிகோட் தனித்தனியாக எண்ணுகிறது. 155 என்ற ஆங்கில அளவை அப்படியே தமிழுக்கு வைத்தால் பாதி விஷயம்கூடத் தேறாது. கட்டம் நிரம்பிவிட்டது என்று யந்திரம் கத்தும்போது, வெட்டப்படுவது பெரும்பாலும் விலாசமும் நேரமும்தான். வரவேற்பு வாசகம் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு சிக்கல் ஆழமானது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். உண்டா இல்லையா என்பதும் அங்கேதான் தெரியும். 'ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் புறநோயாளிகள் பார்க்கப்பட மாட்டார்கள்' என்று இலக்கண சுத்தமாக ஒருவர் எழுதுகிறார். திரையில் இடம் போதவில்லை. 'புறநோயாளிகள்' என்ற சொல்லுக்குப் பிறகு மூன்று புள்ளி. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, பூட்டிய கதவின் முன்னால் வந்து நிற்பார் அந்த அப்பா. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய்யின் விளைவு நேர்ந்துவிட்டது. 'ஞாயிறு விடுமுறை' என்று இரண்டே சொற்களை முன்னால் வைத்திருந்தால் போதும்.

மொழிபெயர்ப்பின் வினை வேறு. ஆங்கிலக் குறிப்புகளுக்கு ஏவலில் மோகம் அதிகம். கண்டறியுங்கள், ஆராயுங்கள், அனுபவியுங்கள், மேலும் அறிக என்று தமிழில் அவை வந்து இறங்கும்போது, கடைக்காரர் வாடிக்கையாளரை அதட்டுவது போலிருக்கிறது. 'எங்கள் பரந்த அளவிலான பட்டுப் புடவைகளைக் கண்டறியுங்கள்' என்று எந்த ஜவுளிக் கடைக்காரரும் வாசலில் நின்று சொன்னதில்லை. என்ன புடவை, என்ன விலையிலிருந்து, எந்த ஊர் நெசவு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்பதைத்தான் அவர் சொல்வார்.

தேடுகிறவரின் சொல் எது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பல் வலியில் இருப்பவர் 'பல் டாக்டர்' என்றுதான் தட்டுவார். 'பற்சீரமைப்பு வல்லுநர்' என்று தூய தமிழில் மட்டுமே குறிப்பு இருந்தால் தமிழ் வாழும். வலி தீராது. அறிவிப்புத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே, மரியாதையும் குறையாமல் புரிவதும் குறையாமல் ஒரு நடை பிடிபட வேண்டும். ரங்கநாதனின் மாணவர்கள் பொருட்சொல் தேர்வில் பட்ட பாடும் இதுதான். நிபுணரின் சொல்லிலிருந்து வாசகரின் சொல்லுக்குப் பாலம் போடாத அட்டவணை பயன்படாது.

இந்தப் பிரச்சினைகளைப் பேசும் நிலைக்குத் தமிழ் வந்ததே ஒரு முன்னேற்றம். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. ஒன்றில் எழுதிய பக்கம் மற்றொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. தேடுவது இருக்கட்டும், படிப்பதே பெரும்பாடு. 2010ல் தமிழக அரசு யூனிகோடையும் அதோடு டேஸ் 16 என்ற முறையையும் அங்கீகரித்தது. இன்று தமிழில் தட்டினால் தமிழில் கிடைக்கிறது. கிடைப்பது என்ன சொல்கிறது என்பதுதான் அடுத்த படி.

லட்சக்கணக்கான பொருட்கள் விற்கும் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் கையால் எழுத முடியுமா? முடியாது. விலை, தயாரிப்பாளர், அளவு, எழுத்தாளர் பெயர் போன்ற விவரங்களைக் கோத்து கம்ப்யூட்டரே குறிப்பை உருவாக்குவதில் தவறில்லை என்று கூகுளும் ஏற்கிறது. ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வாசகத்தை ஒட்டுவதுதான் கூடாது. தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண்ணை எழுதி வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? நேரம் குறைவாக இருந்தால் முகப்புப் பக்கத்துக்கும் அதிகம் பார்க்கப்படும் பக்கங்களுக்கும் மட்டுமாவது கவனமாக எழுதுவது நல்லது.

மனிதர்களை வைத்தே இணையம் முழுவதற்கும் குறிப்பெழுதும் முயற்சியும் நடந்ததுண்டு. 1998ல் தொடங்கிய டிமாஸ் என்ற அட்டவணையில் உலகெங்கும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, ஓரிரு வரியில் நடுநிலையாக எழுதினார்கள். கூகுள் பல காலம் அந்த வரிகளை எடுத்துக் காட்டியது. 2017 மார்ச்சில் டிமாஸ் மூடப்பட்டது. இணையம் வளர்ந்த வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்கவில்லை. மூன்றாம் மனிதர் எழுதிய குறிப்பு போனபின், தன்னைப் பற்றித் தானே நேர்மையாக எழுத வேண்டிய பொறுப்பு பக்கத்துக்கு உரியவர் தலையில் விழுந்தது.

நேர்மைதான் இதில் கடைசிப் பரீட்சை. 'அதிர்ச்சித் தகவல் உள்ளே' என்று எழுதி ஒருவரை ஒரு முறை உள்ளே இழுத்துவிடலாம். அதிர்ச்சி இல்லை என்று தெரிந்ததும் அவர் வெளியேறிவிடுவார். அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்த்தாலே தாண்டிப் போவார். நூலகக் கார்டு எழுதியவர்கள் புத்தகத்தைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. இருப்பதைச் சொன்னார்கள். அதனால்தான் கார்டை நம்பி வாசகர்கள் மாடிப்படி ஏறினார்கள்.

2024 ஆகஸ்டில் இந்தியாவில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்தது. பல கேள்விகளுக்குப் பதிலே மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீழே உள்ள இணைப்புகளுக்கு வாசகர் இறங்கி வருவாரா என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்த யந்திரமும் எங்கிருந்தோ எடுத்துத்தான் சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு எத்தனை மணிவரை என்று எந்தப் பக்கமும் தெளிவாகச் சொல்லாவிட்டால் அது மட்டும் எதைச் சொல்லும்? வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் தலைப்போடு வரும் சிறு வாசகமும் இந்தக் குறிப்பின் உடன்பிறப்புத்தான். வாசல் மாறலாம். பெயர்ப்பலகை தேவைப்படாத காலம் வந்துவிடவில்லை.

மைசூர் சாலையில் மெட்ரோவும் லாரிகளும் விரைகின்றன. வளாகத்துக்குள் ரங்கநாதனின் பயிற்சி மையம் இன்று கம்ப்யூட்டரில் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறது. கார்டு போய்த் திரை வந்துவிட்டது. தேடி வருகிறவர் மட்டும் மாறவில்லை. அவருக்கு அவசரம். அவர் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று சீர்காழிக்காரர் சொல்லி ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது.

எழுதுவோர் கவனத்துக்கு

* பக்கத்தில் இருக்கும் மிக முக்கியமான சேதியை முதல் ஐந்தாறு சொற்களுக்குள் சொல்லிவிடுங்கள். வெட்டு எங்கே விழும் என்று தெரியாது.

* இடம், நேரம், விலை, பெயர், தேதி. இவற்றில் எது பொருந்துமோ அது கட்டாயம் இருக்கட்டும். 'தரமான', 'சிறந்த', 'தலைசிறந்த' மூன்றும் போகட்டும்.

* 'இல்லை', 'கூடாது', 'மாட்டாது' ஆகியவை நீண்ட வாக்கியத்தின் வாலில் தொங்க வேண்டாம். சிறு வாக்கியங்களாக உடையுங்கள்.

* ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் குறிப்பு. தலைப்பில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

* ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்க்காதீர்கள். தமிழ்ப் பக்கத்தைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல எழுதுங்கள்.

* எழுதி முடித்ததும் செல்போனில் தேடிப் பாருங்கள். பக்கத்தைத் திறந்தால் குறிப்பில் சொன்னது கண் முன்னே இருக்கிறதா? இல்லையென்றால் திருத்த வேண்டியது குறிப்பையா, பக்கத்தையா என்று யோசியுங்கள்.